லாப்ரடாரின் இடுப்பும் ஒட்டடைக் குச்சியும்

நாய் நடந்து போனால் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்க்கிறோம். ஒரு நாள் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், மீன் ஏலம் நடக்கும் இடத்தைச் சுற்றித் திரியும் நாய்கள் இதற்கு ஏற்றவை. கிட்டே போக வேண்டாம், தள்ளி நின்றே பார்க்கலாம். ஈரத் தரை, கூடை, கயிறு, வலை என்று காலில் இடறும் பொருள்கள் எத்தனையோ கிடக்கும். அவற்றுக்கு நடுவே இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி அளவாக எடுத்து வைத்துப் போகும். முதுகு நேராக இருக்கும். இடுப்பு கொஞ்சம்தான் அசையும்.

அடுத்து, உங்கள் தெருவில் யாராவது வளர்க்கும் லாப்ரடாரையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ அதே மாதிரி கவனியுங்கள். பல நாய்கள் நன்றாகவே நடக்கும். சில நாய்களுக்கு மட்டும் இடுப்பு இரண்டு பக்கமும் அளவுக்கு மீறி ஆடும். ஓடவிட்டால் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துத் தத்தித் தத்தி ஓடும். மருத்துவர்கள் இதை முயல் தாவல் என்கிறார்கள். மாடிப்படியைக் கண்டால் தயங்கும். உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். படுத்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி விறைப்பாக வைக்கும், அப்புறம் சரியாகிவிடும். வீட்டில் உள்ளவர்கள் ‘சரியான சோம்பேறி’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது சோம்பல் இல்லை, வலி. நாய் தன் வலியை அழுது காட்டுவது அபூர்வம். நடையை மாற்றித்தான் காட்டும்.

இந்தக் குறைக்கு ஹிப் டிஸ்ப்ளேசியா என்று பெயர். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்ந்துவிடுவதுதான் நோய். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெரி ஷ்னெல் 1935இல் நாய்களிடம் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்.

மூட்டு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழி ஆழமாக இருந்து, குழவி அதில் கச்சிதமாக உட்கார்ந்தால் எவ்வளவு சுற்றினாலும் குழவி தன் இடத்தை விட்டு நகராது. குழி மேலோட்டமாக இருந்தால்? ஒவ்வொரு சுற்றிலும் குழவி விளிம்பில் ஏறி இறங்கும், விளிம்பு தேயும், குழவியும் தேயும். நாயின் தொடை எலும்புக்கு மேல் நுனியில் உருண்டையான தலை இருக்கிறது. இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு கிண்ணம் இருக்கிறது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். நடுவே சில துளி மூட்டுத் திரவம் இருக்கும். சுற்றிலும் தசைநார்களும் தசைகளும் பிடித்து நிற்கும்.

ஹிப் டிஸ்ப்ளேசியா வரப்போகும் குட்டியும் பிறக்கும்போது நல்ல இடுப்போடுதான் பிறக்கிறது. சில வாரங்களில் மூட்டின் பிடிப்பு தளர்கிறது. எலும்பு குருத்தாக இருந்து கெட்டிப்படும் பருவம் அது. உருண்டை கிண்ணத்துக்குள் ஆழமாக உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். தளர்ந்த மூட்டில் உருண்டை வெளியே வெளியே நழுவுவதால் கிண்ணம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான கிண்ணத்தில் உருண்டை இன்னும் நழுவுகிறது. ஒரு வயது ஆவதற்குள் இந்தச் சுழல் எலும்பின் வடிவத்தையே மாற்றிவிடும். நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுவாதம் வந்து சேர்கிறது. தாய் தகப்பனிடமிருந்து வரும் மரபணுக்கள் இதற்கு அடிப்படை. ஒன்றிரண்டு மரபணு இல்லை, பல சேர்ந்து செய்யும் வேலை. அதனால்தான் நன்றாக நடக்கும் இரண்டு நாய்களுக்கும் குறையுள்ள குட்டி பிறக்க முடிகிறது. மரபணு போட்ட கோட்டின் மேல் தீனியும் தரையும் மாடிப்படியும் தங்கள் பங்குக்கு வேலை செய்கின்றன.

மனிதக் குழந்தைகளுக்கும் இதே மாதிரிக் குறை வருவதுண்டு. இத்தாலியில் ஃபெர்ரரா ஊரில் மரினோ ஒர்தோலானி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். குழந்தைக்குத் துணி மாற்றும்போது இடுப்பில் ‘டக்’கென்று ஒரு சத்தம் வருகிறது என்று ஒரு தாய் அவரிடம் வந்து சொன்னார். அவர் அதைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்தார். நழுவியிருந்த உருண்டை கிண்ணத்துக்குள் திரும்பி விழும் சத்தம் அது. 1937இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றும் பிறந்த குழந்தையின் காலை மருத்துவர் மடக்கி அகட்டிப் பார்ப்பது அந்தச் சோதனைதான். பின்னாளில் நாய் மருத்துவர்களும் அதைக் கைக்கொண்டார்கள். ஒரு தாயின் காது கேட்டுச் சொன்னது இன்று நாய்க்குட்டிகளுக்கும் உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமகிழ்ச்சி.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டிவைக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இடுப்பு நழுவும் குறை அதிகமாகக் காணப்படுகிறது. நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் பாட்டியும் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் இல்லையா? அப்போது குழந்தையின் இரண்டு கால்களும் அகன்று இருக்கும். உருண்டை கிண்ணத்தின் நடுவே போய் அழுந்தும். பிஞ்சு மூட்டுக்கு ஏற்ற நிலை அது. தம்பி தங்கையை நீங்கள் அப்படித் தூக்கி வைத்திருந்தால், அவர்களுடைய இடுப்பு எலும்பு வளர உதவியிருக்கிறீர்கள்.

சரி, நாய்க்கு வருவோம். நடை சரியில்லை என்று சந்தேகம் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு வேப்பேரி ஒன்றும் தொலைவில்லை. அங்கேதான் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1905இல் வேப்பேரிக்கு வந்த பழைய கல்லூரி அது. அதை உள்ளடக்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் வடசென்னையில், மாதவரத்தில் இருக்கிறது. பள்ளி முடித்தபின் விலங்கு மருத்துவம் படிக்க ஆசைப்படும் எண்ணூர்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது இனிய செய்தி.

மருத்துவர் நாயை நடக்கவிட்டுப் பார்ப்பார், மூட்டை அசைத்துப் பார்ப்பார், பிறகு எக்ஸ்ரே எடுப்பார். நாயை மல்லாக்கப் படுக்க வைத்துப் பின்னங்கால்களை நேராக நீட்டிப் பிடித்து எடுக்கும் படம் அது. நாய் ஆடாமல் இருக்கவும் வலி தெரியாமல் இருக்கவும் மயக்க மருந்து கொடுப்பது வழக்கம். படத்தில் இரண்டு உருண்டைகளின் மையத்தையும் ஒரு கோட்டால் இணைத்து, ஒரு மையத்திலிருந்து அதன் கிண்ணத்தின் விளிம்புக்கு இன்னொரு கோடு போட்டால் ஒரு கோணம் கிடைக்கும். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள கோணமானியாலேயே அளந்துவிடலாம். அந்தக் கோணம் 105 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் உருண்டை நன்றாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வார்கள். கோணம் குறையக் குறைய உருண்டை வெளியே நிற்கிறது என்று பொருள்.

வளர்ந்த நாயின் கிண்ணத்தை மருந்தால் ஆழப்படுத்த முடியாது. சில நாய்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். தொடை எலும்பின் தலையை எடுத்துவிடுவதும் உண்டு, செயற்கை மூட்டு வைப்பதும் உண்டு. ஆனால் ஏராளமான நாய்கள் அறுவையே இல்லாமல் நல்லபடியாக வாழ்கின்றன. எலும்பு செய்யத் தவறியதைத் தசை செய்ய முடியும் என்பதுதான் காரணம்.

நாய் நிற்கும்போது அதன் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. இடுப்பு வலிக்கும் நாய் எடையை இன்னும் முன்னால் தள்ளிவிடும். தோள் பருக்கும், பிட்டமும் தொடையும் மெலியும். தசை மெலிந்தால் மூட்டைப் பிடித்து நிற்க ஆளில்லை. உருண்டை இன்னும் ஆடும், வலி கூடும், வலி கூடினால் நாய் இன்னும் குறைவாக நடக்கும், தசை இன்னும் மெலியும். இந்த வட்டத்தை வெட்டும் கத்திதான் இயன்முறை சிகிச்சை. நம் ஊரில் எல்லோரும் பிசியோதெரபி என்கிறோமே, அதே சிகிச்சைதான். தாத்தாவுக்கு முழங்கால் அறுவைக்குப் பிறகு காலைத் தூக்கு, மடக்கு என்று சொல்லிக்கொடுத்தவர் செய்த வேலையை இங்கே நாய்க்குச் செய்கிறோம். தாத்தாவிடம் ‘தூக்குங்கள்’ என்று சொல்லலாம். நாய்க்குச் சொல்லி விளங்காது. தானாகவே காலைத் தூக்கும்படி ஒரு சூழ்நிலையை உண்டாக்க வேண்டும். நாய்ப் பிசியோதெரபியின் அழகு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பெரிய நகரங்களின் மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்குத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் நகரும் பட்டை. நாயை உள்ளே நிறுத்திக் கதவை மூடி வெதுவெதுப்பான நீரை நிரப்புவார்கள். பட்டை மெல்ல நகரும், நாய் நீருக்குள் நடக்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விசை இங்கே வேலை செய்கிறது. உடல் எவ்வளவு நீரை ஒதுக்குகிறதோ அந்த நீரின் எடைக்குச் சமமான விசை உடலை மேலே தள்ளும். அமெரிக்காவில் நாய்களை நீரில் நிறுத்தி அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீர் கணுக்கால் அளவு இருந்தால் கால்கள் உடல் எடையில் 91 விழுக்காட்டைச் சுமக்கின்றன. முழங்கால் அளவு நீரில் 85 விழுக்காடு. இடுப்பு அளவுக்கு ஏற்றினால் வெறும் 38 விழுக்காடு. கணக்குப் போடுங்கள்: 30 கிலோ நாய்க்கு, இடுப்பளவு நீரில் கால்களின் மேல் விழும் சுமை 11.4 கிலோதான். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு நீர் ஏறும்போது வித்தியாசம் கொஞ்சம். முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறும்போது மளமளவென்று குறைகிறது. ஏன்? கால்கள் மெல்லியவை, சிறிதளவு நீரைத்தான் ஒதுக்கும். வயிறும் மார்பும் நீரில் இறங்கும்போதுதான் நிறைய நீர் ஒதுங்குகிறது.

மூட்டுக்குச் சுமை குறைகிறது, தசைக்கு மட்டும் வேலை கூடுகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டு காலை முன்னே எடுத்து வைக்கத் தசை உழைத்தே ஆக வேண்டும். வலி குறைவு, பயிற்சி அதிகம். இரண்டையும் ஒன்றாகத் தருவதால்தான் மருத்துவர்கள் தண்ணீரை இவ்வளவு நம்புகிறார்கள்.

‘நமக்குத்தான் வாசலிலேயே கடல் இருக்கிறதே, அதில் இறக்கிவிட்டால் ஆகாதா?’ என்று திருவொற்றியூர்ப் பிள்ளைகள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. உப்பு நீர் நல்ல நீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி கூடுதல், அதனால் மிதப்பும் கூடுதல். கணக்குப்படி கடல் இன்னும் மேல். ஆனால் நம் கரை அதற்கு ஏற்ற கரை இல்லை. காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இது உங்கள் ஊரின் கதை. வங்கக் கடல் அலைகள் ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கியதும் மணலின் வழி அடைபட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரையைக் கடல் அரித்தது. அதைத் தடுக்கத்தான் எண்ணூர் விரைவுச் சாலையோரம் அத்தனை பாறைகள் கொட்டியிருக்கிறார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். பாறைகளில் பாசி வழுக்கும். இடுக்கில் கால் மாட்டினால் கெட்ட இடுப்பு இன்னும் கெடும். அலை நாயை எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணூர்க் கழிமுகமும் வேண்டாம். 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தன் உடம்பை நக்கிக்கொள்ளும் பிராணியை அப்படிப்பட்ட நீரில் இறக்கக் கூடாது.

கடல் நமக்குத் தரும் உதவி வேறு. தூண்டில் வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் மணல் சேர்ந்திருக்கிறது. ஈரம் கண்டு கெட்டிப்பட்ட மணலில் நாயை மெதுவாக நடத்தலாம். கால் சற்றே புதைவதால் ஒவ்வொரு அடிக்கும் தசை கூடுதலாக உழைக்கும், அதிர்வும் மூட்டுக்கு அவ்வளவாகப் போகாது. ஆழமாகப் புதையும் உலர்ந்த மணல் வேண்டாம், கால் திருகிக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மதிய மணலில் நீங்கள் செருப்பில்லாமல் நிற்க முடியாதபோது நாயால் மட்டும் எப்படி முடியும்?

இனி வீட்டுப் பயிற்சி. மருத்துவர் பார்த்து, செய்யலாம் என்று சொன்ன பிறகு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டியவை இவை. வலியுள்ள நாய் தன் செல்ல எஜமானையும் கடித்துவிடக்கூடும். காலைப் பிடித்து மடக்குவது, நீட்டுவது எல்லாம் மருத்துவர் காட்டிக்கொடுத்த பெரியவரின் வேலை. உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

முதல் பயிற்சி மெதுநடை. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாய் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக வைக்கும் அளவுக்கு மெதுவாக நடத்த வேண்டும். வேகம் கூடினால் அது முயல் தாவலுக்குப் போய்விடும், வலிக்கிற காலுக்கு வேலை கிடைக்காது. மெதுவாக நடத்துவதுதான் கஷ்டம், செய்து பாருங்கள். பத்து நிமிடம் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று தடவை நடத்துவது, வாரம் முழுக்கச் சும்மா கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓடவிடுவதைவிட எத்தனையோ மேல். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலைப் பக்கம் போகாமல் உள்தெருவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு ஒரு தடவை துள்ளினாலே மூட்டுக்குக் கெடுதல்.

இரண்டாவது உட்கார்ந்து எழுவது. நாயைச் சுவர் மூலையில், சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். அப்போது காலைப் பக்கவாட்டில் நீட்ட இடமிருக்காது, நேராக மடக்கித்தான் உட்கார வேண்டும். வழுக்காத மிதியடி கீழே இருக்கட்டும். உட்காரச் சொல்லி, உடனே எழச் சொல்லி, ஒரு சின்னத் துணுக்குத் தீனி. பிட்டத் தசையும் தொடைத் தசையும் எடையைத் தூக்கும் பயிற்சி இது. நாலைந்து முறையில் தொடங்கினால் போதும். அந்தத் தீனியை நாயின் அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுக்க வேண்டும், கூடுதலாக இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டடைக் குச்சி, மாப்புக் கட்டை, மீந்துபோன பிவிசி பைப் என்று நாலைந்து நீளக் குச்சிகளைத் தேடி எடுங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ குறுக்காக, இணையாக அடுக்குங்கள். இரண்டு குச்சிகளுக்கு நடுவே நாயின் தோள் உயரம் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இப்போது கயிற்றைத் தளர்வாகப் பிடித்து அவற்றைத் தாண்டி நடத்துங்கள். முதல் தடவை நாய் குச்சியை மோந்து பார்க்கும், ஓரமாகச் சுற்றிப் போகப் பார்க்கும், ஒன்றைத் தட்டிவிடும். பரவாயில்லை. இரண்டாவது மூன்றாவது தடவையில் தலையைக் குனிந்து குச்சியைப் பார்க்கும், முன்னங்காலைக் கவனமாகத் தூக்கி வைக்கும். அப்புறம்தான் கவனிக்க வேண்டியது நடக்கும். கண்ணுக்குத் தெரியாத பின்னங்காலை எங்கே வைப்பது என்று அது யோசிக்க வேண்டியிருக்கும். இடுப்பு, முழங்கால், குதிகால் மூட்டு மூன்றும் மடங்கும், பின்னங்கால் மெல்ல மேலே எழுந்து குச்சியைத் தாண்டி இறங்கும். அந்த ஒரு நொடி பின்பக்கத்து எடை முழுவதும் மற்றப் பின்னங்காலில் நிற்கிறது. நீங்கள் காலைத் தொடவே இல்லை. தசை வேலை செய்தது, மூட்டு மடங்கியது, கால் எங்கே இருக்கிறது என்று உணரும் நரம்புகளுக்கும் பயிற்சி கிடைத்தது. பழகிய பிறகு குச்சியின் இரு முனைக்கும் அடியில் பழைய நோட்டுப் புத்தகங்களை வைத்துச் சற்று உயர்த்தலாம். தாவித் தாண்டும் அளவுக்கு உயர்த்தவே கூடாது.

பயிற்சியை எப்போது நிறுத்த வேண்டும் என்று நாயே சொல்லும். பின்தங்கி நடக்கும், காதைப் பின்னால் மடிக்கும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், இடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலை ஊன்றாமல் தூக்கும். உடனே நிறுத்துங்கள். மறுநாள் காலை வழக்கத்தைவிட விறைப்பாக எழுந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பேராபத்து. மனிதர் மாத்திரை நாயின் ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.

பலன் ஒரே வாரத்தில் தெரியாது. தசை வளரப் பல வாரங்கள் ஆகும். அளந்து வந்தால்தான் நம்பிக்கை வரும். தையற்காரர் நாடா ஒன்றை எடுத்து, நாய் நேராக நிற்கும்போது தொடையின் நடுவில் சுற்றளவை அளந்து நோட்டில் எழுதுங்கள். இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதே இடத்தில், அதே ஆள் அளக்க வேண்டும். வேறு ஆள் நாடாவை இறுக்கிப் பிடித்தால் கணக்கு மாறிவிடும். ஆராய்ச்சிக் கூடத்திலும் இதே ஒழுங்குதான்.

எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் நாய் குண்டாக இருந்தால் பாதிப் பலன் வீண். இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 48 லாப்ரடார் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவான தீனி. அதே உணவு, அளவு மட்டும் குறைவு. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது நிறையத் தின்ற 24 நாய்களில் 16க்கு ஹிப் டிஸ்ப்ளேசியா இருந்தது. குறைவாகத் தின்ற 24இல் 7க்குத்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்டார்கள். நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. உடன்பிறந்த குட்டிகள், ஒரே தாய் தகப்பன். தட்டில் விழுந்த அளவு மட்டும் இத்தனை செய்தது. டீக்கடை பிஸ்கட்டை ஆளாளுக்குப் போடுவதும், மிஞ்சிய பிரியாணியை வழித்துப் போடுவதும் பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தை இடுப்பு சுமக்கிறது. வளரும் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக்கை நாமாக ஊற்றுவதும் தவறு. கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கும்.

உங்கள் நாய் குண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளை மறுகையால் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்பைத் தடவும்போது அதே உணர்வு வந்தால் எடை சரி. உள்ளங்கைப் பக்கம் தடவினால் எலும்பு அழுத்தித் தேட வேண்டியிருக்கிறதே, அப்படி இருந்தால் குண்டு.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸ் தரையில் நாய் எழ முயலும்போது பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கி அகல்வதைப் பார்த்திருப்பீர்கள். தளர்ந்த மூட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை கோணிப்பையோ தேங்காய் நார் மிதியடியோ ரப்பர் விரிப்போ போட்டு ஒரு பாதை உண்டாக்குங்கள். நகத்தையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். நீண்ட நகம் தரையில் முதலில் பட்டால் பாதம் பிடிப்பாக ஊன்றாது.

மாடிப்படி பற்றி நார்வேயில் ஆராய்ந்திருக்கிறார்கள். லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களில் சுமார் 500 குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு ஹிப் டிஸ்ப்ளேசியா வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அதே வயதில் வெளியே, மெத்தென்ற, சற்று மேடு பள்ளமான தரையில் கட்டில்லாமல் ஓடி விளையாடிய குட்டிகளுக்கு வாய்ப்பு குறைந்திருந்தது. ராயபுரத்திலோ எர்ணாவூரிலோ மூன்றாவது மாடிக் குடியிருப்பில் ஒரு லாப்ரடார் குட்டி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் கிடையாது. அந்தக் குட்டியை மூன்று மாதம் ஆகும்வரை கையில் தூக்கிக்கொண்டு இறங்கி, தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சுத்தமான மண் தரையில் விளையாட விட்டால் போதும். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பிட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது.

எல்லா நாய்களுக்கும் இந்த நோய் ஒரே அளவில் வருவதில்லை. உடல் மெலிந்து, தொடை வலுத்து, ஓட்டத்துக்கென்றே வளர்ந்த கிரேஹவுண்டிடம் இது மிக அரிது. நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த உடல்வாகு கொண்ட வேட்டை நாய்கள்தான். எடை கூடி வேகமாக வளரும் இனங்களிடம் நோய் அதிகம். ஆனாலும் இனத்தையே குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் ‘தி சீயிங் ஐ’ என்ற நிறுவனம் ஒன்று செய்தது. இடுப்பு எக்ஸ்ரே நன்றாக உள்ள நாய்களை மட்டும் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஐந்து தலைமுறைக்குள் அவர்களுடைய ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் இந்த நோய் 55 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காடாகவும், லாப்ரடார்களிடம் 30லிருந்து 10 விழுக்காடாகவும் இறங்கியது.

ஆகவே உங்கள் வீட்டில் பெரிய இனக் குட்டி வாங்கப் பேச்சு வந்தால் அப்பாவோடு நீங்களும் போங்கள். குட்டியின் நிறத்தையும் தலையின் பருமனையும் பற்றி எல்லோரும் பேசி முடித்த பிறகு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அண்ணா, இதோட அம்மா அப்பாவுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா? காட்டுங்களேன்.’ காட்டினால் அந்தப் படத்தில் கோணம் எங்கே அளப்பது என்று உங்களுக்குத் தெரியும். காட்டாவிட்டால் தாய் நாயையாவது பத்தடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் முகம் சுளித்தால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடம் பார்க்கலாம்.